ஒட்டுசுட்டானில் குடியேறியோரும் குடிபெயர்ந்தோரும்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ34 வீதியில், இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்துள்ள ஒட்டுசுட்டான், வன்னிப் பெருநிலத்தின் மக்கள்தொகை வரலாற்றை ஒரே இடத்தில் வைத்து ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான ஊராகும். இன்று முல்லைத்தீவு மாவட்டத்தின் ஆறு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றின் தலைமையிடமாக விளங்கும் இவ்வூரைச் சூழ, பழைய வன்னிக் குளக்கிராமங்களும், சுதந்திரத்துக்குப் பின் தோன்றிய குடியேற்றத் திட்டங்களும், மலையகத்திலிருந்து வந்தோர் காடு வெட்டி அமைத்த குடியிருப்புகளும், போரால் பெயர்க்கப்பட்டு மீண்டும் அமர்த்தப்பட்ட ஊர்களும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. குடிசன மதிப்பீட்டு அறிக்கையில் இவர்களில் பெரும்பாலோர் ‘இலங்கைத் தமிழர்’ என்ற ஒரே நிரலுக்குள் அடங்கிவிடுகின்றனர். எனினும், அந்த நிரலுக்குள் வந்து சேர்ந்த வழிகளும் காலங்களும் வேறு வேறானவை. இப்பகுதியின் மக்கள்தொகை பிறப்பு இறப்புக் கணக்கினால் மெல்ல வளர்ந்த ஒன்றன்று. நீர், நோய், அரசின் காணிக் கொள்கை, போர் ஆகிய நான்கும் மாறிமாறி மக்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தும் இங்கிருந்து விரட்டியும் உருவாக்கிய ஒன்று.

பழைய வன்னியின் குடியிருப்பு முறை குளத்தைச் சார்ந்தது. ஒரு குளம், அதன் கட்டுக்குக் கீழே வயல், வயலோரத்தில் சில பத்துக் குடும்பங்கள், ஒரு கோயில், சுற்றிலும் காடு என்பதே கிராமத்தின் வடிவம். மழை பொய்த்துக் குளம் வற்றினால் காட்டை வெட்டி எரித்துச் சேனைப்பயிர் செய்வதே மாற்று வழியாக இருந்தது. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தோற்றம் பற்றி ஊரவர் கூறும் கதையும், அறுவடைக்குப் பின் எஞ்சிய தாளை எரித்த நிலத்தில் இலிங்கம் வெளிப்பட்டதாகவே அமைந்திருப்பது, இப்பொருளாதாரத்தின் பழைமையைக் காட்டுகின்றது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி எனப் பிரிந்திருந்த இந்நிலத்தை வன்னியர் எனப்படும் குறுநிலத் தலைவர்கள் ஆண்டனர். அவர்கள் யாழ்ப்பாண அரசுக்கும், பின்னர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறை செலுத்தியும் செலுத்த மறுத்தும் வந்தனர். 1780களில்தான் ஒல்லாந்தரால் வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவர முடிந்தது.

ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கற்சிலைமடுவில், அவ்விடத்தை அண்டிப் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேக் வன்னித் தலைவனான பண்டார வன்னியனை 1803 ஒக்டோபர் 31ஆம் நாள் தோற்கடித்ததாக ஆங்கிலத்தில் பொறித்த கல்லொன்று நாட்டப்பட்டது. அதே ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து பிரித்தானியரைத் துரத்திய பண்டார வன்னியனின் தோல்வியோடு வன்னிமை என்ற ஆட்சிமுறை முடிவுக்கு வந்தது. தோற்கடித்தவர் தரப்பு நாட்டிய கல்லே தோற்றவனின் நினைவிடமாக மக்களால் போற்றப்பட்டமை தனியே எழுதத்தக்க வரலாறு. இக்கட்டுரையின் பொருளுக்கு முக்கியமானது அதன் பின்விளைவே. குளங்களைப் பேணுவதற்கு ஊராரை ஒன்றுதிரட்டும் அதிகாரம் பெற்றிருந்த தலைமை அழிந்தபோது அதன் இடத்தை நிரப்பக்கூடிய வேறு அமைப்பு உடனடியாக உருவாகவில்லை. உடைந்த குளக்கட்டுகள் உடைந்தபடியே கிடந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வன்னி, ஆட்சியாளரின் குறிப்புகளில், அருகிவரும் மக்களின் நாடாகவே சித்திரிக்கப்படுகின்றது. வவுனியாவில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், இன்றும் இப்பகுதியின் வரலாற்றை எழுத முனைவோர் எவரும் தாண்டிச் செல்ல முடியாத நூலாகும். கைவிடப்பட்ட குளங்கள், ஆளொழிந்த ஊர்கள், காய்ச்சல், உடலெங்கும் புண்ணை உண்டாக்கிய பறங்கி நோய் என அந்நூல் காட்டும் காட்சி கவலைக்குரியது. மலேரியா குழந்தைகளைக் கொன்றது. தப்பியோரை உழைக்க இயலாதவராக்கியது. உழைக்க ஆளில்லாத ஊரில் குளக்கட்டு உடைந்தது. உடைந்த குளத்தில் தேங்கிய நீர் மேலும் நுளம்பைப் பெருக்கியது. இச்சுழலே வன்னியைத் தீவின் மிகக் குறைந்த மக்களடர்த்தி கொண்ட பகுதியாக்கியது. சோம்பல் மிக்க குடிகள் என்று வன்னியாரைப் பற்றி எழுதிய அதிகாரிகளும், அதையே வழிமொழிந்த யாழ்ப்பாணத்து எழுத்தாளர்களும், காய்ச்சலால் மண்ணீரல் வீங்கிய உடலைக் குணக்குறையாகப் படித்தனர் என்பதை வெளிப்படையாகவே கூற வேண்டும்.

அக்காலத்து வன்னி, மக்கள் குறைந்ததாக இருந்தபோதிலும், ஒரே இனத்தவர் மட்டும் வாழ்ந்த நிலமாக இருக்கவில்லை. முல்லைத்தீவுப் பட்டினத்தை அடுத்த தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்ந்து, வயலும் வணிகமும் செய்தனர். வவுனியாவின் தென்பகுதியில் சிங்களக் கிராமங்கள் இருந்தன. கொக்கிளாய், நாயாறு கரைகளுக்குச் சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளின் மீனவர்கள் பருவந்தோறும் வந்து, வாடி எனப்படும் தற்காலிகக் கொட்டில்களை அமைத்து, பருவம் முடிந்ததும் திரும்பினர். யாழ்ப்பாணத்திலிருந்து அருவி வெட்டுக் காலத்தில், அதாவது நெல் அறுவடையின்போது, கூலிக்கு வந்து நெல்லோடு திரும்பியோரும் பலர். வந்து போவோரையும் நிலைத்து வாழ்வோரையும் தெளிவாகப் பிரிக்க முடியாத இவ்வாழ்க்கையை, ஓர் இரவில் யார் எங்கிருந்தார் என்று கேட்ட அக்காலக் குடிசன மதிப்பீடு முழுமையாகப் பிடிக்க இயலவில்லை. இலங்கையின் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் எடுக்கப்பட்டது. 1911இல் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்ற பிரிப்பு அதிகாரபூர்வமாகப் புகுந்தது. தோட்டத் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் தனியே எண்ணும் இந்த ஏற்பாடு, பின்னாளில் வன்னியின் புள்ளிவிவரத்தில் பெரிய குழப்பத்தை உண்டாக்கவிருந்தது.

1905இல் வடக்குப் புகையிரதப் பாதை முழுமை பெற்றதும் மாங்குளம் புகையிரத நிலைய ஊரானது. ஒட்டுசுட்டான் அந்நிலையத்தையும் முல்லைத்தீவுக் கடற்கரையையும் இணைக்கும் தரைவழியின் தங்குமிடமானது. ஆயினும், பாதை வந்ததால் மட்டும் மக்கள் வந்துவிடவில்லை. இரண்டு மாற்றங்கள் அதற்குத் தேவைப்பட்டன. ஒன்று, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்: அரச காணியைத் துண்டுகளாகப் பிரித்து, விற்கவோ விரும்பியவாறு ஈடு வைக்கவோ முடியாத அனுமதிப்பத்திரத்தின் கீழ் விவசாயக் குடும்பங்களுக்கு வழங்குவதற்கு அச்சட்டம் வழிவகுத்தது. மற்றையது, 1946க்குப் பின் நாடெங்கும் தெளிக்கப்பட்ட டீ.டீ.ரீ. மருந்து. மலேரியா சில ஆண்டுகளுக்குள் பெருமளவு அடங்கியது. நூற்றாண்டுக்கணக்கில் உலர்வலயத்தைக் காத்துவந்த, அல்லது காவு கொண்டுவந்த, காய்ச்சல் என்ற வேலி விழுந்தது.

இதே காலத்தில் இதே மருந்து வேறு நிலங்களிலும் இதே விளைவைத் தந்தது. கேரளத்தின் வயநாட்டில் மலேரியா தணிந்ததும் திருவிதாங்கூரிலிருந்து உழவர்கள் பெருந்திரளாக ஏறிவந்தனர். பழங்குடியினர் தம் நிலத்திலேயே சிறுபான்மையினராயினர். நேபாளத்தின் தெராய்ச் சமவெளியில் தாரு மக்களுக்கும் அதுவே நேர்ந்தது. வன்னியின் பழைய குளக்கிராமத்தவரும் இவ்வரிசையில் வைத்து எண்ணப்பட வேண்டியவர்களே. வந்தோர் பெரும்பாலும் அதே மொழி பேசும் தமிழராக இருந்தமையால், அவர்கள் தம் சொந்த இடத்தில் எண்ணிக்கையாலும் செல்வாக்காலும் பின்தள்ளப்பட்டமை கண்ணில் படாமலே போனது.

ஒட்டுசுட்டான் பகுதியின் வளர்ச்சிக்கு மையமானது முத்தையன்கட்டுக் குளம். பேராற்றை மறித்துக் கட்டப்பட்ட இப்பழங்குளம், சுதந்திரத்துக்குப் பின் புனரமைக்கப்பட்டு, இடதுகரை, வலதுகரை என இரு வாய்க்கால் வழியாக நீர் பாயும் குடியேற்றத் திட்டமாக மாறியது. துருசு, அதாவது குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மடை, எந்தப் பக்கம் திறக்கப்படுகின்றதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்பவே குடியிருப்புகளும் பெயர் பெற்றன. குடியேறியோரில் கணிசமானோர் காணி நெருக்கடி மிகுந்த யாழ்ப்பாணக் குடாநாட்டினர். பக்கத்து வன்னிக் கிராமங்களின் காணியற்ற இளைஞரும் இருந்தனர். 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் இத்திட்டங்களின் நிலைமை தலைகீழாக மாறியது. நெல்லுக்குப் போதாத மேட்டு நிலம் மிளகாய்த் தோட்டமாகியது. நீரிறைக்கும் இயந்திரம் வாங்கியவர் சில போகங்களிலேயே கல்வீடு கட்டினார். வங்கியும் கடைத்தெருவும் பாடசாலைகளும் பெருகின. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை விழுந்தது. எனினும், வந்த மக்கள் திரும்பிச் செல்லவில்லை.

மிளகாய்த் தோட்டத்தில் கொத்தியதும் பழம் பிடுங்கியதும் பெரும்பாலும் மலையகத் தமிழரே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களுள் ஒரு பகுதியினர், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மற்றொரு பகுதியினர் வடக்கு நோக்கி நடந்தனர். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் பரவிய பட்டினியும், தோட்டங்கள் அரசுடைமையானபோது ஏற்பட்ட வெளியேற்றங்களும், 1977 ஓகஸ்ட் வன்செயலும் அந்த நடையை விரைவுபடுத்தின. 1976இல் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் தொடக்கிய காந்தீயம் என்ற அமைப்பு, வவுனியாவைத் தளமாகக் கொண்டு இவ்வகதிகளை எல்லைப்புறக் கிராமங்களில் குடியமர்த்தியது. இருவரும் 1983இல் கைதாயினர். இராஜசுந்தரம் அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். குடியுரிமை இல்லாதவர் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற முடியாது என்பதால், காட்டை வெட்டிய கைகளுக்கு அக்காணி எழுத்தில் உரியதாகவில்லை. அவர்களை எல்லைக் காவலாகவும் மலிந்த கூலியாகவும் ஏற்ற தமிழ்ச் சமூகம், அயலவராக ஏற்றுக்கொள்ளத் தயங்கியது. கிணற்றிலும் கோயிலிலும் திருமண உறவிலும் காட்டப்பட்ட அந்த வேறுபாடு, வன்னி வரலாறு எழுதுவோர் பலர் சுருக்கமாகக் கடந்துசெல்லும் பக்கமாகும். அதைச் சுருக்குவது நேர்மையன்று.

முல்லைத்தீவு 1970களின் இறுதியில் தனி மாவட்டமாக்கப்பட்டது. 1981இன் குடிசன மதிப்பீடு, இப்புதிய மாவட்டத்தில் சுமார் 77,000 பேரைக் கண்டது. அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 76 பேர் இலங்கைத் தமிழர், 14 பேர் இந்தியத் தமிழர், சிங்களவரும் முஸ்லிம்களும் தலா 5 பேர் அளவினர். போருக்கு முந்திய கடைசி முழுமையான கணக்கு இதுவே. 1991இல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றது முல்லைத்தீவை எட்டவில்லை. ஆகவே 1981க்கும் 2012க்கும் இடைப்பட்ட முப்பத்தோராண்டுகள், இம்மாவட்டம் மிகப் பெரிய மாற்றங்களைக் கண்ட காலமாக இருந்தும், ஒழுங்கான எண்ணிக்கை இல்லாத காலமாகவே எஞ்சியுள்ளன.

அம்மாற்றங்களுள் முதலாவது தெற்கு எல்லையில் நிகழ்ந்தது. நெடுங்கேணிக்கு அண்மையில் 1960களில் குத்தகைக்குப் பெறப்பட்ட கென்ட் பாம், டொலர் பாம் என்ற பண்ணைகளில் 1977இன் மலையக அகதிகள் குடியமர்த்தப்பட்டிருந்தனர். 1984இல் அவர்கள் படையினரால் வெளியேற்றப்பட்டு, அவ்விடத்தில் சிங்களச் சிறைக்கைதிகளைக் கொண்ட திறந்தவெளிச் சிறைக் குடியேற்றம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 30இல் விடுதலைப் புலிகள் அவ்விரு பண்ணைகளையும் தாக்கி அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அடுத்த நாள் கொக்கிளாய், நாயாறு மீனவர் வாடிகளும் தாக்கப்பட்டன. டிசம்பர் தொடக்கத்தில் ஒட்டுசுட்டானுக்குத் தெற்கேயுள்ள ஒதியமலையில் தமிழ் ஆண்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்ப இயலாதவராயினர். தமிழர் மணலாறு என்று வழங்கிய அந்நிலம், 1988 ஏப்ரலில் மகாவலித் திட்டத்தின் ‘எல்’ வலயமாக அரச வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, வெலிஓயா என்ற பெயரில் படைப் பாதுகாப்புடன் கூடிய சிங்களக் குடியேற்றமாக வளர்ந்தது. காணியற்ற ஏழைச் சிங்கள உழவரைப் போர்முனையில் குடியமர்த்திய அத்திட்டம், அவர்களையும் நெடுங்காலம் பதுங்குகுழிக்கு அருகிலேயே வாழவைத்தது.

இரண்டாவது மாற்றம் 1990 ஒக்டோபரில் நிகழ்ந்தது. வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ அனைவரையும், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை, விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களும், கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்டுப் பாதைகளால் தெற்கே சென்று, புத்தளத்தின் அகதிமுகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். தமிழ் பேசும் அயலவரைத் தமிழரின் பெயரால் துரத்திய இச்செயலுக்கு எந்தப் போர்க்காரணமும் நியாயமாகாது.

மூன்றாவது மாற்றம் எதிர்த்திசையில் அமைந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து பெயர்ந்தோரில் பெருந்தொகையினர் அடுத்த ஆண்டில் வன்னிக்கு வந்தனர். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களில் மரநிழல்களும் பாடசாலைகளும் குடியிருப்புகளாயின. 1997 மேயில் அரச படையினர் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ நடவடிக்கையால் வவுனியா வடக்கிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் மேலும் பலர் உள்ளே தள்ளப்பட்டனர். 1998 டிசம்பரில் ஒட்டுசுட்டானையே படையினர் கைப்பற்றினர், ஊர் வெறுமையானது. 1999 நவம்பர் 2இல் விடுதலைப் புலிகளின் ‘ஓயாத அலைகள் 3’ என்ற தாக்குதல் ஒட்டுசுட்டானிலேயே தொடங்கியது. ஊர் மீண்டும் கைமாறியது. இவ்வாண்டுகளில் யார் எங்கே வாழ்ந்தார் என்பதற்கு எஞ்சிய சான்று, கிராம அலுவலர் பதிந்து கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அனுப்பிய குடும்ப அட்டைகளே. நிவாரண அரிசி, சீனி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் அளவு அந்த அட்டையிலுள்ள பெயர்களைப் பொறுத்தது என்பதால், பிறந்த குழந்தையைச் சேர்ப்பதும் இறந்தவரை நீக்குவதும் பிறப்புச் சான்றிதழைவிடக் கவனமாகச் செய்யப்பட்டன.

அவ்வட்டைகளின் கூட்டுத்தொகையே பின்னாளில் மிகக் கசப்பான விவாதத்துக்கு அடிப்படையானது. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் கச்சேரிகளின் பதிவுப்படி வன்னியில் 429,059 பேர் இருந்தனர். 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 282,380 பேர். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இவ்விரண்டு எண்களையும் வைத்து, எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, இறுதிப் போரில் 40,000 வரையிலான குடிமக்கள் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது என 2011இல் அறிக்கையிட்டது. அரசு இவ்வெண்களை ஏற்கவில்லை. ஒரு மாவட்டத்தின் குடித்தொகை வரலாற்றில் இத்தனை பெரிய இடைவெளி முறையாகச் சரிபார்க்கப்படாமல் நிற்பது, புள்ளிவிவரக் குறைபாடு என்று கடந்துபோகத்தக்கதன்று.

2009 ஜனவரி முற்பகுதியில் ஒட்டுசுட்டான் படையினர் வசமானபோது மக்கள் ஏற்கெனவே கிழக்கு நோக்கிப் பெயர்ந்திருந்தனர். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் உயிர் தப்பியோர் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டு, 2009இன் இறுதியிலிருந்து படிப்படியாக ஊர் திரும்பினர். 2012 மார்ச் 20ஐக் கணக்கெடுப்பு நாளாகக் கொண்ட குடிசன மதிப்பீடு முல்லைத்தீவில் 92,238 பேரைப் பதிந்தது. சதுர கிலோமீற்றருக்கு 38 பேர் என்ற அவ்வடர்த்தி தீவிலேயே மிகக் குறைந்தது. இலங்கைத் தமிழர் நூற்றுக்கு ஏறத்தாழ 86 ஆக உயர்ந்திருந்தனர். சிங்களவர் கிட்டத்தட்ட 10 ஆக இரட்டித்திருந்தனர், அவர்களில் பெரும்பாலோர் வெலிஓயாவினர். முஸ்லிம்கள் 2 ஆகக் குறைந்திருந்தனர். 14 ஆக இருந்த இந்தியத் தமிழர் இரண்டரைக்கும் குறைந்திருந்தனர்.

இக்கடைசி எண்ணை நேராக வாசித்தால் மலையகத் தமிழர் வன்னியை விட்டு அகன்றுவிட்டதாகத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. ஒரு பகுதியினர் படகேறி இராமேசுவரம் வழியாகத் தமிழக முகாம்களை அடைந்தனர். பலர் போரில் மாண்டனர். எஞ்சியோரில் பெரும்பாலோர், 1988க்கும் 2003க்கும் இடையில் வந்த சட்டங்களால் குடியுரிமை பெற்று, கணக்கெடுப்பாளர் இனம் கேட்டபோது தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்தனர். வன்னியில் பிறந்து, வன்னியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் வேறு என்ன கூறுவார்? இதனால் மாவட்டத்தின் இனப் பன்மை தாளில் சுருங்கியது. ஊருக்குள் பூர்வீக வன்னியார், யாழ்ப்பாணத்தார், மலையகத்தார் என்ற வேறுபாடு காணி உறுதியிலும் திருமணப் பேச்சிலும் முன்போலவே தொடர்ந்தது.

2024இன் குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவின் மக்கள்தொகை சுமார் 122,000 ஆக உயர்ந்தது. ஆண்டுக்கு 2.23 வீதம் என்ற வளர்ச்சி நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் உயர்ந்ததாகும். அடர்த்தியோ இன்னமும் தீவிலேயே மிகக் குறைந்தது. இவ்வளர்ச்சியை இயல்பான பெருக்கமாக மட்டும் கொள்ள இயலாது. முகாமிலிருந்தும் உறவினர் வீட்டிலிருந்தும் தாமதமாகத் திரும்பியோர், இந்தியாவிலிருந்து மீண்டோர், வெலிஓயாவில் சேர்ந்தோர், போருக்குப் பின் மணந்து பிள்ளை பெற்ற தலைமுறையினர் என இதற்குள் பல ஓட்டங்கள் கலந்துள்ளன. மாறாக, திரும்ப விரும்பியும் கணக்கில் வராதோரும் உள்ளனர். முல்லைத்தீவு முஸ்லிம்கள் பலர் தண்ணீரூற்றில் பதிவு வைத்துக்கொண்டு புத்தளத்தில் வாழ்கின்றனர். 1990இல் ஒரு குடும்பமாகச் சென்றவர் மூன்று, நான்கு குடும்பங்களாகப் பெருகியிருக்க, பழைய வளவு ஒன்றே எஞ்சியுள்ளது. பெருகிய குடும்பங்களுக்குக் காணி கேட்டபோது முள்ளியவளைப் பகுதியில் தமிழருக்கும் அவர்களுக்கும் இடையே முரண்பாடு எழுந்தது. இப்போதைய குடிசன மதிப்பீடு ஒருவரை அவர் வழமையாக வசிக்கும் இடத்திலேயே எண்ணுவதால், அவர்கள் புத்தளம் மாவட்டத்தின் தொகையிலேயே சேர்க்கப்படுகின்றனர். அதேவேளை, ஒட்டுசுட்டான் பிரிவிலும் அயலிலும், முன்பு சேனையும் மானாவாரி வயலுமாக இருந்து, போர்க்கால இடப்பெயர்வில் காடு மண்டிய நிலங்கள் வன இலாகாவின் எல்லைக்கற்களுக்கு உள்ளே அகப்பட்டுக்கொண்டன. அவற்றுக்கு உரிமை கோருவோர், தம் தந்தை அங்கே பயிர் செய்ததை நிறுவுவதற்கு, பழைய அனுமதிப்பத்திரத்தையோ அதுவும் இல்லாதபோது போர்க்காலக் குடும்ப அட்டையின் பிரதியையோ கையில் கொண்டு பிரதேச செயலகத்துக்குச் சென்று வருகின்றனர்.